மனநல மாத்திரையும் ஏறும் எடையும்: தம்பியின் உடம்பை யாரிடம் காட்டுவது?

செந்தூல் தமக்கை

வணக்கம். என் தம்பிக்கு 23 வயது. டிப்ளோமா கடைசிப் பருவத்தில் படிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், கைப்பேசியை யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்று தொடங்கி, கடைசியில் மருத்துவமனையில் சேர்க்கும் நிலை வந்தது. இப்போது குரல்கள் கேட்பதில்லை. தூங்குகிறான், பேசுகிறான், அம்மாவைக் கிண்டல் செய்கிறான். இரவில் ஓலன்சபின் மாத்திரை.

இப்போது வீட்டில் சண்டையெல்லாம் எடையைப் பற்றித்தான். குச்சியாக இருந்தவன், சென்ற தீபாவளிக்கு எடுத்த சட்டைகளில் ஒன்றுக்குக்கூடப் பொத்தான் மாட்ட முடியவில்லை. மாமா வரும்போதெல்லாம் "உட்கார்ந்து சாப்பிட்டால் ஊதத்தான் செய்யும்" என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறார். அவன் மாத்திரையைத் தூக்கி எறியப்போவதாகச் சொல்கிறான். மனநலப் பிரிவில் கேட்டால் உள்ளூர் கிளினிக்கில் சர்க்கரை பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கிளினிக்கில் கேட்டால், இது அவர்கள் கொடுத்த மருந்து, அவர்களிடமே கேளுங்கள் என்கிறார்கள்.

எடை நோயாலா, மாத்திரையாலா, சாப்பாட்டாலா? நான் எந்தக் கவுண்டரில் போய் நிற்பது?

ஜெலுத்தோங் மருந்தாளர்

தங்கச்சி, மாத்திரைப் பெட்டி இன்றிலிருந்து அம்மாவின் பொறுப்பில் இருக்கட்டும். சட்டென்று நிறுத்தினால் குரல்கள் திரும்பும் அபாயம் அதிகம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பணி ஓய்வு பெறும்வரை இந்த மருந்துகளைக் கையில் எடுத்துக் கொடுத்தவன் என்ற முறையில் உங்கள் மாமாவுக்கு ஒரு பதில். ஓலன்சபினும் குளோசபினும் எடையை ஏற்றுவதில் முதல் வரிசை. பசியைக் கட்டுப்படுத்தும் ஹிஸ்டமின், செரோடோனின் ஏற்பிகள் சிலவற்றை மூளையில் இவை அடைத்துவிடுகின்றன. 'போதும்' என்ற உணர்வே வருவதில்லை. குவெட்டியாபினும் ரிஸ்பெரிடோனும் நடுத்தரம். அரிபிப்ரசோல் அந்த அளவுக்கு ஏற்றாது. முதன்முறையாக மருந்து எடுக்கும் இளைஞர்களுக்குத்தான் ஏற்றம் வேகமாக இருக்கும், அதுவும் முதல் சில மாதங்களிலேயே. பையனைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் மாமா அந்த மாத்திரையின் உறையில் இருக்கும் தாளைப் படிக்கட்டும்.

எந்தக் கவுண்டர் என்று கேட்டீர்கள். மருந்துச் சீட்டில் கையெழுத்துப் போட்டவரிடம்தான். அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும் 2004இலேயே சேர்ந்து உட்கார்ந்து அட்டவணை போட்டுவிட்டன. மருந்து தொடங்கும்போதே எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். எடையை 4, 8, 12ஆம் வாரங்களில் மீண்டும் பார்க்க வேண்டும். அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் 12ஆம் வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். தம்பியின் அட்டையில் முதல் நாள் எடை எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கிருந்தே பேச்சைத் தொடங்குங்கள்.

பழைய தோட்டக்காரன்

எல்லாவற்றுக்கும் மாத்திரை மேல் பழி. பத்துமலையில் 272 படி இருக்கிறது, காலையும் மாலையும் ஏறி இறங்கச் சொல்லுங்கள். எங்கள் காலத்தில் விடியற்காலை ரப்பர் பால்வெட்டுக்குப் போனோம். யாருக்கும் மனநோயும் இல்லை, தொந்தியும் இல்லை.

ஜெலுத்தோங் மருந்தாளர்

அண்ணன், நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். தொந்தி இல்லாதது உண்மை. மனநோய் இல்லை என்பது உண்மையில்லை. எங்கள் லயத்திலிருந்து ஒருவரை லாரியில் ஏற்றித் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு அவர் பெயரை அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அந்த மருத்துவமனை 1911இல் திறக்கப்பட்டது. நோயே இல்லாத நாட்டில் அது எதற்கு?

பாயான் லெப்பாஸ் இரவுப்பணி

நான் அந்த மாத்திரையைச் சாப்பிட்டவன், ஆகவே பசியைப் பற்றி நான் சொல்கிறேன். போட்டுக் கொஞ்ச நேரத்தில் தூக்கம் வரும். தூக்கத்துக்கு முன்னால் பசி வந்துவிடும். இரவுச் சாப்பாடு முடித்துக் கை கழுவிய ஈரம் காயும் முன்பே வரும். ரொட்டிப் பொட்டலத்தை ஓரத்துண்டு வரை முடித்திருக்கிறேன். மைலோ தூளைத் தண்ணீர் கலக்காமல் கரண்டியால் தின்றிருக்கிறேன். ஒரு நாள் எதுவும் கிடைக்காமல், அம்மா மறுநாள் சம்பாலுக்கு வைத்திருந்த காய்ந்த நெத்திலியைப் பொரிக்காமலேயே மென்றேன். காலையில் அம்மா பூனைதான் தின்றுவிட்டது என்று நினைத்து அதைத் திட்டினார்.

வாய் வேறு உலர்ந்துபோகும். உலர்ந்தால் ஏதாவது குடிக்கத் தோன்றும். தொழிற்சாலையில் கைக்கு எட்டுவது இனிப்புப் பானமும், காப்பித்தூளும் சர்க்கரையும் பால்மாவும் கலந்த மூன்று-சேர்ந்த காப்பிப் பொட்டலமும்தான். இரவு வேலை என்பதால் தூக்கமும் தலைகீழ். எடை ஏற இதற்கு மேல் என்ன வேண்டும்?

எனக்கு மருந்தை மாற்றினார்கள். நானாக மாற்றவில்லை, மருத்துவரிடம் கேட்டு மெதுவாக ஒன்றைக் குறைத்து மற்றொன்றை ஏற்றினார்கள். அரிபிப்ரசோலில் பசி அடங்கியது. ஆனால் முதலில் கால் ஓரிடத்தில் நிற்காத ஓர் அவஸ்தை வந்தது. கன்வேயர் முன்னால் நின்றுகொண்டு நடனம் ஆடுகிறவன் மாதிரி இருந்தேன். அளவைக் குறைத்த பிறகு அது சரியாயிற்று. மாற்றுவது எல்லாருக்கும் ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓலன்சபின் மட்டுமே கேட்கும் ஆட்களும் இருக்கிறார்கள்.

தோட்டக்கார அண்ணனுக்கு: படி ஏற எனக்கும் ஆசைதான். அந்த மாதங்களில் கட்டிலிலிருந்து குளியலறை போவதே பெரிய பயணமாக இருந்தது.

மாவுச்சத்துக்கு விடை

யாரும் மூலத்தைத் தொடவில்லை. மனநோய் என்பதே மூளைக்குச் சக்தி சரியாகக் கிடைக்காத நோய். சோறு, ரொட்டி சானாய், சர்க்கரை மூன்றையும் விட்டுக் கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவுக்கு மாறினால் மாத்திரையே தேவைப்படாது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகமே ஆய்வு செய்து நிரூபித்துவிட்டது. மருந்துக் கம்பெனிகள் இதைச் சொல்லவா போகின்றன?

பந்தாய் ஆய்வு மாணவி

அந்த ஆய்வு 2024இல் வந்தது. படித்துவிட்டுச் சொல்கிறேன். குரல் கேட்பது, வீண் சந்தேகம் போன்றவை வரும் மனச்சிதைவோ, உற்சாகமும் சோர்வும் மாறி மாறி உச்சத்துக்குப் போகும் இருதுருவக் கோளாறோ உள்ள 21 பேர் நான்கு மாதம் கீட்டோ உணவு எடுத்தார்கள். எடையும் இடுப்பளவும் குறைந்தன, மனநிலை தேறியது. நல்ல செய்திதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவே அதில் கிடையாது. தவிர, அவர்கள் உணவை மாற்றியது மருந்தோடு சேர்த்துத்தான், மருந்தை விட்டுவிட்டு அல்ல. 'நிரூபித்துவிட்டது' என்று அந்த ஆய்வாளர்களே சொல்லவில்லை. கீட்டோ புதிதும் அல்ல, வலிப்பு நோய்க்கு 1920களிலிருந்தே கொடுத்து வருகிறார்கள். மூளைக்கும் உணவுக்கும் தொடர்பு உண்டு என்ற அளவில் நீங்கள் சொல்வது சரி. மாத்திரையை விடலாம் என்ற இடத்தில்தான் ஆபத்தாகிறது. இந்த இழையைத் தூக்கமில்லாத ஒருவன் நள்ளிரவில் படித்துக்கொண்டிருக்கலாம்.

தமக்கையின் முதல் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் நோயா, மாத்திரையா, சாப்பாடா என்பதற்கு மூன்றும் என்பதுதான் பதில்.

ஹென்றி மாட்ஸ்லி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர், பைத்தியம் மிகுந்த குடும்பங்களில் இனிப்புநீரும் (நீரிழிவு) அடிக்கடி தென்படுகிறது என்று 1879இல் எழுதினார். அன்று ஓலன்சபினும் இல்லை, மூன்று-சேர்ந்த காப்பியும் இல்லை. நம் காலத்தில், மருந்தே தொடாத, முதன்முறை மனச்சிதைவு வந்த இளைஞர்களின் இரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் ஒரு கட்டுரை வந்தது. இன்சுலினுக்கு உடம்பு சரியாகப் பதில் கொடுக்காத நிலை அவர்களிடம் மருந்துக்கு முன்பே இருந்தது. பிரிட்டனில் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்ட பிள்ளைகளை வைத்துக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2021இல் இன்னொன்று கண்டார்கள்: 9 வயது முதல் இன்சுலின் அளவு தொடர்ந்து அதிகமாக இருந்தவர்களுக்கு 24 வயதில் மனச்சிதைவு அறிகுறிகள் கூடுதல். பருவமடையும் வயதில் எடை சட்டென ஏறியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, பிற்பாடு மனச்சோர்வு கூடுதல். தொடர்பு இருக்கிறது என்பதுதான் இதற்குப் பொருள். ஒன்றுதான் மற்றொன்றை உண்டாக்கியது என்று இன்னும் சொல்ல முடியாது.

உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே உள்ள மூளை, உடம்பின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. இன்சுலின் மூளையிலும் வேலை செய்கிறது. வயிற்றைச் சுற்றிய கொழுப்பு அழற்சிப் பொருள்களைச் சுரக்கிறது, அவை மனநிலையையும் தொடுகின்றன. நீண்ட மன அழுத்தத்தில் கூடும் கார்டிசோல் என்ற ஹார்மோன் திரும்ப வயிற்றிலேயே கொழுப்பைச் சேர்க்கிறது. இப்படி இரு பக்கமும் போக்குவரத்து இருப்பதால்தான் 'மனநலம் இந்த மாடி, சர்க்கரை அந்த மாடி' என்று பிரிப்பது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

மாவுச்சத்துக்கு விடை

சரி, மாத்திரையை விடச் சொன்னதை நெறியாளர் நீக்கினாலும் எனக்கு வருத்தமில்லை. சர்க்கரையைப் பற்றிச் சொன்னதை நீக்க வேண்டாம்.

நெறியாளர்

நீக்கவில்லை, பதில்களோடு சேர்த்துப் படிக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். செய்வினை எடுப்பதாக வந்த ஒரு விளம்பரத்தை மட்டும் நீக்கியிருக்கிறேன். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறவர்கள் இங்கே எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். மலேசியச் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. தற்கொலை முயற்சி 2023 முதல் நம் நாட்டில் குற்றமும் அல்ல. போலீசுக்குப் பயந்து யாரும் மறைக்கத் தேவையில்லை.

பழைய கிள்ளான் சாலை

ஆண் பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு 27 வயது, இருதுருவக் கோளாறு. வால்ப்ரோயேட் கொடுத்தார்கள். எடை ஏறியது, மாதவிலக்கு நின்றது, முகத்தில் முடி வந்தது. வீட்டில் எல்லாருக்கும் கல்யாணக் கவலை. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் எந்தச் சேலை ஒல்லியாகக் காட்டும் என்றுதான் பேச்சு. சினைப்பையில் நீர்க்கட்டி என்று பின்னால்தான் தெரிந்தது. இந்த மருந்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்பதையும், கருவுற்றால் குழந்தைக்குக் குறைபாடு வரலாம் என்பதையும் தொடங்கும்போதே யாராவது என்னிடம் சொல்லியிருக்கலாம். நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கு மனச்சோர்வு கூடுதலாக வருகிறது. மனநோய்க்குக் கொடுத்த மருந்து நீர்க்கட்டியைத் தூண்டி, அது மறுபடி மனத்தில் வந்து முடிந்தால் நோயாளி எங்கே போவது?

இந்த வயதுப் பெண்கள் யாராவது வால்ப்ரோயேட் எடுத்தால், உடனே நிறுத்தாமல், மாற்று என்ன என்று அடுத்த சந்திப்பில் கட்டாயம் கேளுங்கள். நான் இப்போது லித்தியம் என்ற மாத்திரையில் இருக்கிறேன்.

பந்தாய் ஆய்வு மாணவி

அக்கா, லித்தியம் என்றதும் ஒன்று. தைப்பூச விரதத்தில் உப்பைக் குறைத்துத் தண்ணீரும் குடிக்காமல் வெயிலில் நடந்தால் இரத்தத்தில் லித்தியம் எகிறிவிடும். கை நடுக்கம், தள்ளாட்டம், வாந்தி வந்தால் பக்தி மயக்கம் என்று சுற்றி நிற்பவர்கள் சொல்வார்கள். நீங்கள் நம்பாதீர்கள், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

செந்தூல் தமக்கை

எல்லாருக்கும் நன்றி. அட்டையைப் பார்த்தேன். முதல் நாள் எடை என்ற கட்டம் காலி. இன்னொன்று கேட்கிறேன். தம்பியின் பின்கழுத்தில் கறுப்பாக, வெல்வெட் துணி போலத் தடித்திருக்கிறது. அம்மா அழுக்கு என்று எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்க்கிறார். அக்குளிலும் இருக்கிறது.

ஜெலுத்தோங் மருந்தாளர்

தேய்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அது அழுக்கே இல்லை. இரத்தத்தில் இன்சுலின் கூடுதலாக ஓடுகிறது என்பதைத் தோல் காட்டும் அடையாளம் அது. எத்தனையோ பிள்ளைகளை "குளிக்கவே மாட்டாயா" என்று கேட்டு அவமானப்படுத்தியிருக்கிறோம். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் இந்த வாரமே எடுங்கள். அரசு கிளினிக்கில் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான். "மனநல மருந்து எடுக்கிறான், கழுத்து கறுத்திருக்கிறது" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிவின் நகலை வாங்கிக்கொண்டு மனநலப் பிரிவின் மேசையில் வையுங்கள். இரண்டு இடமும் ஒன்றோடொன்று பேசாவிட்டால் தாளாவது பேசட்டும்.

இடுப்பை அளக்கும் விதம் பலருக்குத் தெரியாது. காற்சட்டை நிற்கும் இடத்தில் அளந்தால் தொந்திக்குக் கீழே போய்விடும், எண்ணும் அழகாக வரும். கடைசி விலா எலும்பைத் தொட்டுப் பாருங்கள், பிறகு இடுப்பெலும்பின் மேல்முனையைத் தொடுங்கள், இரண்டுக்கும் நடுவில் நாடாவைச் சுற்றுங்கள். மூச்சை இயல்பாக விட்ட பிறகு படியுங்கள், வயிற்றை எக்கக் கூடாது. நம் இனத்து ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால் எச்சரிக்கை. உடல் எடைக் குறியீடும் நமக்கு 23இலிருந்தே கூடுதல்தான். வெள்ளைக்காரர்களுக்கான 25ஐப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம்.

நாட்டு நிலவரம் தெரிந்தால் இது தனி வீட்டுக் கதை இல்லை என்று புரியும். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். 2023 ஆய்வில் எல்லா இனமும் சேர்த்துப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். மனச்சோர்வு 2.3இலிருந்து 4.6 விழுக்காடாக, நான்கே ஆண்டுகளில் இரட்டிப்பு. 18 முதல் 29 வயதுக்குள் இனிப்புநீர் உள்ளவர்களில் 84 விழுக்காட்டினருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. ஆனால் குறைந்த வருமானத்தோருக்கான பெக்கா பி40 இலவசப் பரிசோதனை 40 வயதில்தான் தொடங்குகிறது! 23 வயதில் ஓலன்சபின் எடுப்பவன் 40 வரை காத்திருந்தால் கண்ணும் சிறுநீரகமும் காத்திருக்குமா? கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்பே இறக்கிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதில் பெரும்பகுதி இதயம் போன்ற உடல் நோய்களால்.

பாயான் லெப்பாஸ் இரவுப்பணி

ஐயா, அச்சுறுத்தியது போதும், செய்யக்கூடியதைச் சொல்லுங்கள். அந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்துவிட்டு நான் இன்று வேலைக்குப் போக வேண்டும்.

ஜெலுத்தோங் மருந்தாளர்

நியாயம், தம்பி. சிட்னியில் பாண்டைப் பகுதியில் ஒரு திட்டம் நடத்தினார்கள். முதன்முறை மனச்சிதைவு வந்த இளைஞர்களுக்கு மருந்து தொடங்கும்போதே தாதி, உணவியல் நிபுணர், உடற்பயிற்சி நிபுணர் மூவரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 12 வாரத்தில் அவர்களுக்கு ஏறியது சராசரி 1.8 கிலோ. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 7.8 கிலோ. ஏறிய பிறகு இறக்குவதைவிட ஏறாமல் பிடிப்பது சுலபம் என்பதற்கு எனக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஏறிவிட்டவர்களுக்கும் வழி உண்டு. மருந்தை மாற்ற முடியுமா என்று கேட்கலாம், நீங்கள் செய்தது போல. முடியாவிட்டால் மெட்ஃபார்மின் சேர்க்கலாமா என்று கேட்கலாம். இனிப்புநீர் இல்லாதவர்களுக்கும் இந்த எடைக்காக அதைக் கொடுக்கிறார்கள், சில கிலோ குறையும். நீண்ட நாள் எடுத்தால் பி12 சத்து குறையும், அது குறைந்தால் சோர்வும் மறதியும் வரும், அதை மனநோய் முற்றிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் இதை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும். தைராய்டும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

பந்தாய் ஆய்வு மாணவி

சாப்பாட்டுக்கு நான். ஆஸ்திரேலியாவில் 2017இல் மனச்சோர்வு உள்ள 67 பேரிடம் செய்த சோதனையில், உணவியல் நிபுணரோடு 12 வாரம் சாப்பாட்டை மாற்றியவர்களில் 32 விழுக்காட்டினர் நோயிலிருந்து மீண்டார்கள். பேச்சுத் துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 விழுக்காடு. சிறிய சோதனைதான், ஆனாலும் தட்டில் இருந்தது மாய மருந்தில்லை: காய்கறி, பருப்பு, கடலை, மீன், தீட்டாத தானியம். நம் வீட்டில் கெம்போங் மீன் குழம்பும் பயற்றங்காய்ப் பொரியலும் அதற்குக் குறைந்ததில்லை, சோற்றைப் பாதியாக்கினால்.

மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவகம்) நண்பர்களோடு உட்காராதே என்று தம்பியிடம் சொல்லாதீர்கள். அந்த நாற்காலியும் அவனுக்கு மருந்துதான். பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் சொல்லப் பழகட்டும். இனிப்புப் பானத்துக்கு 2019இல் லிட்டருக்கு 40 சென் கலால் வரி போட்டார்கள், இப்போது 90 சென். கடையில் கையால் கலக்கும் இனிப்புக் கெட்டிப்பாலுக்கு யார் வரி போடுவது?

பழைய தோட்டக்காரன்

நாசி கண்டாரையும் விடச் சொல்வீர்கள் போல.

ஜெலுத்தோங் மருந்தாளர்

பினாங்கில் இருந்துகொண்டு நான் அதைச் சொன்னால் என்னை ஊரைவிட்டே துரத்துவார்கள். குழம்பைச் சோறு மூழ்க ஊற்றாமல் ஓரமாகக் கேட்டு வாங்கினாலே போதும், அண்ணன். நடைக்கு நீங்கள் சொன்னதும் தப்பில்லை, பையனைக் குற்றம் சொல்லாமல் சொல்லியிருந்தால். தனியாக அனுப்புவதைவிடக் கூட ஒருவர் போவது நல்லது. மாமாவே தித்திவாங்சா ஏரியைச் சுற்றி அவனோடு நடக்கட்டும், எடைப் பேச்சை எடுக்காமல்.

பிறை அப்பா

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகன் குளோசபினில் இருக்கிறான். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சொல்லி, ஒரு வழியாகச் சிகரெட்டை விட்டுவிட்டு வேப்புக்கு (மின்சிகரெட்) மாறியிருக்கிறான். நாங்கள் மகிழ்ந்துபோனோம். ஆனால் அதிலிருந்து பகலெல்லாம் தூக்கம், தலையணை நனையும் அளவுக்கு எச்சில். நோய் கூடிவிட்டதா?

ஜெலுத்தோங் மருந்தாளர்

ஐயா, இன்றே மனநலப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். சிகரெட் புகை கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டி, குளோசபினையும் ஓலன்சபினையும் வேகமாகக் கரைத்துவிடும். புகை நின்றால் அந்த வேகம் நின்றுவிடும், அதே மாத்திரை இரத்தத்தில் கூடுதலாகத் தங்கும். இதைச் செய்வது புகையின் தார்தானே தவிர நிகோட்டின் அல்ல. ஆகவே வேப்போ நிகோட்டின் பட்டையோ ஈடு செய்யாது. அளவு மிகக் கூடினால் வலிப்பு வரலாம். நீங்களாக மாத்திரையைப் பாதியாக்காதீர்கள். இரத்தத்தில் மருந்தளவைப் பார்த்து அவர்கள் குறைப்பார்கள். காய்ச்சலோ தொண்டைவலியோ இருந்தால் அதையும் அதே அழைப்பில் சொல்லுங்கள், குளோசபின் இரத்த வெள்ளணுவைக் குறைத்துவிட்டதா என்று பார்க்க வேண்டியிருக்கும். சிகரெட்டுக்கு மட்டும் திரும்ப விடாதீர்கள்.

பிறை அப்பா

அழைத்துவிட்டேன். நாளைக் காலை இரத்தம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். காப்பியைப் பற்றியும் கேட்டார்கள், ஏன்?

ஜெலுத்தோங் மருந்தாளர்

காப்பியும் அதே நொதியில்தான் கரைகிறது, அதனால் மாத்திரை கரைவது தாமதமாகும். அவன் ஒரு நாளைக்கு எத்தனைக் குவளை குடிக்கிறான் என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், மூன்று-சேர்ந்த பொட்டலங்களையும் சேர்த்து.